உடைந்த கைப்பிடியும் மூடிய சாளரமும்

நம் முன்னோர் சாளரத்திற்கு இட்ட பெயர்களுள் ‘காலதர்’ என்பது ஒன்று. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வந்து செல்லும் வழியே காலதர். சிலப்பதிகாரத்திலும் இச்சொல் ஆளப்பட்டிருக்கிறது; மானின் கண் போன்ற வடிவில் அமைந்த காலதர்களை அந்நூல் காட்டுகிறது. இன்று நாம் வழங்கும் ‘ஜன்னல்’ என்னும் சொல்லோ கடல் கடந்து வந்தது. போர்த்துக்கீசியர் ‘ஜனேலா’ என்றதை நாம் ஜன்னலாக்கிக்கொண்டோம். அலமாரி, மேசை, சாவி ஆகிய சொற்களும் அவர்கள் வழியாக வந்தவையே. பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றுதான்: சாளரம் திறப்பதற்காக அமைக்கப்பட்டது. திறவாத சாளரம் சாளரமன்று; கண்ணாடி பதித்த சுவர்.

நம் இல்லங்களில் எத்தனை சாளரங்கள் உண்மையாகவே திறக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். ஒன்றில் தாழ்ப்பாள் துருவேறி இறுகிக் கிடக்கும். மற்றொன்றில் கைப்பிடி என்றோ கழன்று விழுந்து, அதற்குப் பதிலாக ஒரு துண்டுக் கயிறு கட்டப்பட்டிருக்கும். வேறொன்றில் கொக்கி இல்லாமையால் கதவு காற்றில் அடித்துக்கொள்கிறது என்று, ஆணி அறைந்தே மூடியிருப்பார்கள். “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்ட அந்தச் சிறு பழுது, மாதங்கள் செல்லச் செல்ல வீட்டின் வழக்கமாகவே ஆகிவிடுகிறது. கைப்பிடி உடைந்ததை நாம் அறிவோம். அதனால் ஓர் அறையே மூச்சுவிடுவதை நிறுத்திவிட்டது என்பதைத்தான் அறிவதில்லை.

இச்சிறு பழுதைத் தச்சரின் வருகைக்காகக் காத்திராமல், இல்லத்தில் உள்ளவர்களே அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட இயலும். ஆடவர் மட்டுமன்று, மகளிரும் வளர்ந்த பிள்ளைகளும் செய்யத்தக்க பணியே இது. அதன் முறைகளைச் சொல்லுமுன், அது ஏன் தள்ளிப்போடத் தகாதது என்பதைச் சொல்லிவிடுவது நலம்.

காற்றும் நோயும்

நோயாளர் பணிக்கு இலக்கணம் வகுத்த ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், 1859ஆம் ஆண்டில் தாம் எழுதிய செவிலியர் கையேட்டின் முதல் இயலையே காற்றோட்டத்திற்கு ஒதுக்கினார். நோயாளி சுவாசிக்கும் காற்று வெளிக்காற்றைப் போலவே தூய்மையாக இருத்தல் வேண்டும் என்பதே அவர் வைத்த முதல் விதி. மருந்தும் உணவும் அதற்குப் பின்னரே.

அவ்வம்மையார் அனுபவத்தால் உணர்ந்ததை இக்கால ஆய்வு அளந்து காட்டியிருக்கிறது. தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டின் தலைநகரமான லீமாவில், 8 மருத்துவமனைகளின் அறைகளை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். காசநோய் போன்று காற்றில் பரவும் நோய்களைத் தடுப்பதே அவர்கள் நோக்கம். கதவுகளையும் சாளரங்களையும் திறந்து வைத்தபோது அறையின் காற்று மணிக்கு ஏறத்தாழ 28 முறை முழுமையாக மாறியது. எல்லாவற்றையும் மூடிவைத்த நிலையைவிட இது 18 மடங்கு மிகுதி. தொற்று அபாயம் மிகுந்த அறைகளில் இயந்திரங்களைக்கொண்டு மணிக்கு 12 முறை காற்றை மாற்ற வேண்டும் என்பதே பரிந்துரை. திறந்த சாளரமோ ஒரு காசும் செலவின்றி அதனினும் இரு மடங்குக்கு மேல் செய்துவிட்டது. உயர்ந்த கூரையும் பெரிய சாளரங்களும் கொண்ட பழைய கட்டடங்கள், புதிய கட்டடங்களைவிடச் சிறந்து விளங்கின என்பதும் அவ்வாய்வில் வெளிப்பட்டது.

இருமலால் வருந்தும் பாட்டியின் அறையில் சாளரத்தின் கைப்பிடி உடைந்திருக்கிறதென்றால், அது வெறும் தச்சு வேலையன்று. மருத்துவப் பணியின் ஒரு பகுதி என்பதை இதனால் உணரலாம்.

அடுக்களையில் வேறோர் ஆபத்து உண்டு. எரிவாயு கசிந்தால் மின்விசை எதனையும் தொடாமல், சுடர் எதனையும் ஏற்றாமல், கதவையும் சாளரங்களையும் உடனே திறக்க வேண்டும். பின்னர் வெளியே சென்று 1906 என்னும் எண்ணில் முறையிட வேண்டும். அத்தகைய நொடியில், அடுக்களைச் சாளரத்தின் தாழ்ப்பாளைச் சுத்தியலால் தட்டித் திறக்க வேண்டிய நிலை இருந்தால் என்னாகும்? இரும்போடு இரும்பு மோதினால் பொறி பறக்கும் என்பதையும் மறவாதீர்கள்.

புயலின்போது இதற்கு நேர்மாறான இடர் நேர்கிறது. அப்போது சாளரம் உறுதியாக மூடியிருத்தல் வேண்டும். காற்று வீசும் திசையில் உள்ள ஒரு சாளரம் தாழ் பெயர்ந்து திறந்துகொண்டால், புகுந்த காற்று உள்ளிருந்து கூரையை மேலே தள்ளுகிறது. வெளியே கூரையின்மேல் விரைந்தோடும் காற்றோ அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. இரண்டும் சேரும்போது ஓடும் தகரமும் பறக்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று கடலூர், புதுச்சேரிப் பகுதியைத் தாக்கிய தானே புயலையும், 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்தை அடுத்துக் கரை கடந்த கஜா புயலையும் கண்டவர்களுக்குக் கூரையின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அந்தக் கூரையைக் காக்கும் காவலருள் ஒருவன், ஆறு அங்குலத் தாழ்ப்பாள்.

வேண்டும்போது திறக்கவும், வேண்டும்போது இறுக மூடவும் இயலுவதே நல்ல சாளரம். இவ்விரண்டையும் நிர்ணயிப்பது கைப்பிடியும் தாழுமே.

ஏன் பழுதாகின்றன?

உடைந்ததை மாற்றுவதற்கு முன் உடைந்த காரணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றேல் புதியதும் விரைவில் அதே கதியை அடையும்.

முதற்காரணம் துரு. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இரும்பை மிக விரைவாக அரிக்கிறது. முலாம் பூசிய திருகாணிகளில் முலாம் தேய்ந்ததும் துரு உட்புகுந்து, ஆணியின் கழுத்தைத் தின்றுவிடுகிறது. வெளியே தலை மட்டும் பார்வைக்கு நன்றாக இருக்கும். உள்ளே பிடிப்பு இராது.

இரண்டாம் காரணம், மரம் பருப்பது. ஈரக்காற்றை உறிஞ்சும் மரம் தன் அகலவாக்கில் விரிகிறது. தேக்கு குறைவாகவும், மற்றப் பல நாட்டு மரங்கள் மிகுதியாகவும் விரியும். மழைக்காலத்தில் கதவு நிலைச்சட்டத்தில் இறுகிக்கொள்ள, நாம் கைப்பிடியைப் பற்றி வலிந்து இழுக்கிறோம். கைப்பிடி திறப்பதற்காக அமைந்தது, பிடுங்குவதற்காக அன்று. அந்த இழுப்பில் திருகாணித் துளைகள் தளர்ந்து, கைப்பிடி ஆடத் தொடங்குகிறது. ஆடும் கைப்பிடியை அன்றே இறுக்கினால் ஒரு நிமிட வேலை. விட்டுவிட்டால் துளை பெரிதாகி, ஆணியே நிற்காத நிலை வரும்.

மூன்றாம் காரணம், கீல் தளர்ந்து கதவு கீழே தொய்வது. கதவு தொய்ந்ததும் தாழ்ப்பாளின் கம்பி, தான் நுழைய வேண்டிய துளைக்கு நேராக நில்லாது. ஒவ்வொரு நாளும் அதை வளைத்து நுழைப்பதால் கம்பி கோணி, கடைசியில் தாழ் பெயர்கிறது. இங்கே குற்றம் கீலினுடையது, தண்டனை தாழ்ப்பாளுக்கு.

நான்காவது, பொருளின் தரக்குறைவு. மலிவான வார்ப்புக் கைப்பிடிகள் பார்வைக்குப் பித்தளை போல மின்னும். உடைந்த இடத்தைப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக இருக்கும். இவை வளையா, திடீரென ஒடியும். ஐந்தாவது, வண்ணப்பூச்சு. வீட்டிற்கு வண்ணம் பூசும்போதெல்லாம் தாழ்ப்பாளின்மேலும் பூசிவிடுவதால், நாலைந்து பூச்சுக்குப் பின் கம்பி நகர்வதே இல்லை. இதற்குப் புதிய தாழ் தேவையில்லை. பூச்சைச் சுரண்டி எடுத்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டாலே போதும்.

கடைக்குச் செல்லுமுன்

நம் இல்லங்களில் பெரும்பாலும் நான்கு வகைச் சாளரங்களைக் காணலாம். முதல் வகை மரச்சாளரம்: கைப்பிடி, மேலும் கீழும் தாழ்ப்பாள், திறந்த கதவை நிறுத்தக் கொக்கி ஆகியன அதற்கு உண்டு. இரண்டாவது இரும்புச் சட்டச் சாளரம்: நெம்புகோல் போன்ற கைப்பிடியும், துளைகளுடன் கூடிய தாங்கு தண்டும் அதில் இருக்கும். மூன்றாவது பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் அலுமினியச் சாளரம். நான்காவது அண்மைக்காலத்தில் பரவியுள்ள யு.பி.வி.சி. எனப்படும் கெட்டி நெகிழிச் சாளரம்.

எவ்வகையாயினும் பழைய உறுப்பைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்வதே முதல் விதி. நினைவை நம்பி வாங்கினால் இரண்டாம் முறை நடக்க நேரும். கழற்ற முடியாவிடில் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: மொத்த நீளம்; இரண்டு திருகாணிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரம்; கதவுச் சட்டத்தின் கனம். இவற்றுள் இரண்டாவதே இன்றியமையாதது. அது பொருந்தினால் பழைய துளைகளையே பயன்படுத்தலாம். திருகாணியின் நீளம் சட்டத்தின் கனத்தைவிடக் குறைவாக இருத்தல் வேண்டும். இல்லையேல் கூர்முனை மறுபுறம் நீட்டிக்கொண்டு கையைக் கிழிக்கும்.

கைப்பிடிகளிலும் கொண்டிகளிலும் இடக்கை, வலக்கை என்ற வேறுபாடு உண்டு. அறையின் உள்ளே நின்று பார்க்கும்போது கீல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு சொன்னால் கடைக்காரர் ஏற்றதைத் தருவார். மரச்சாளரத் தாழ்ப்பாள்களைக் கடைகளில் ‘டவர் போல்ட்’ என்பர். இவற்றுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 204 என்ற தரவரையறையை வகுத்துள்ளது. வாங்குமுன் கம்பியை நாலைந்து முறை தள்ளிப் பாருங்கள். தடையின்றியும் ஆட்டமின்றியும் நகர வேண்டும்.

கடற்கரையில் வாழ்வோர் எவர்சில்வர் உறுப்புகளைத் தேர்வது நன்று. அதிலும் 316 என்ற வகையில் மாலிப்டினம் என்னும் உலோகம் கலந்திருப்பதால், 304 என்ற பொது வகையைவிட உப்புக்காற்றை நன்கு தாங்கும். உறுப்பு எந்த உலோகமோ அதே உலோகத்தில் திருகாணியையும் வாங்குங்கள். அலுமினிய உறுப்பில் பித்தளைத் திருகாணியை முடுக்கினால், ஈரம் படும்போது இரண்டுக்குமிடையே சிறு மின்கலம் போன்ற நிலை உண்டாகி அலுமினியம் விரைவில் அரிபடும்.

தேவையான கருவிகள் அதிகமில்லை. ஆணித்தலைக்கு அளவான திருப்புளி, குறடு, சிறு சுத்தியல், துளையிட ஒரு குத்தூசி அல்லது டிரில், உப்புத்தாள், மரப்பசை, ஒரு மெழுகுவர்த்தித் துண்டு, தையல் இயந்திர எண்ணெய் ஆகியவை போதும்.

மரச்சாளரத்தில் மாற்றும் முறை

முதலில் கதவு ஆடாதவாறு ஒரு கயிற்றால் கிராதிக் கம்பியோடு கட்டிவிடுங்கள். கண்ணாடிக் கதவானால் இது மிகவும் இன்றியமையாதது. மாடியில் வேலை செய்கையில் உள்ளே நின்றே செய்ய வேண்டும். வெளிப்புறமாகச் சாய்வது கூடவே கூடாது. பிள்ளைகளைக் கீழே அச்சாளரத்திற்கு நேராக நிற்கவிடாதீர்கள். கை நழுவிய திருப்புளியும் காயப்படுத்தும்.

பழைய திருகாணியின் பிளவில் அடைந்திருக்கும் வண்ணத்தையும் துருவையும் கத்திமுனையால் சுரண்டுங்கள். ஆணி இறுகியிருந்தால் துருநீக்கும் எண்ணெயோ, கிடைத்தால் மண்ணெண்ணெயோ ஓரிரு சொட்டு விட்டு இரவு முழுவதும் ஊறவிடுங்கள். அருகில் விளக்கோ அடுப்போ இருத்தலாகாது. மறுநாள் திருப்புளியைப் பிளவில் வைத்து, அதன் பிடியில் சுத்தியலால் இலேசாக இரண்டு தட்டுத் தட்டி, முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை அளவு திருப்புங்கள். துருவின் பிடி அதில் உடையும். பின்னர் தளர்த்தும் திசையில் அழுத்தித் திருப்பினால் ஆணி இசைந்து வரும். தலை மழுங்கிவிட்டால் டிரிலால் தலையை மட்டும் நீக்கிவிட்டு, உறுப்பை எடுத்தபின் எஞ்சிய தண்டைக் குறட்டால் பற்றித் திருகி எடுக்கலாம்.

இனி, துளையைப் பாருங்கள். பெரும்பாலான இல்லங்களில் பிழை நேர்வது இவ்விடத்திலேதான். தளர்ந்த துளையில் இன்னும் தடித்த ஆணியை முடுக்குவது பலர் கையாளும் வழி. அது சில நாட்களே நிற்கும். மெல்லிய சட்டமாயின் மரமே பிளந்துவிடும். சரியான முறை துளையை மரத்தாலேயே நிரப்புவது. மூங்கிலிலோ தேக்கிலோ மெல்லிய ஆப்பு ஒன்று சீவி, மரப்பசையில் தோய்த்து, துளையில் அடித்து இறக்குங்கள். சிறு துளையானால் மருந்து நீக்கிய தீக்குச்சிகள் இரண்டு மூன்று போதும். ஒரு நாள் முழுவதும் உலரவிட்டு, நீட்டிக்கொண்டிருப்பதைச் சீவி உப்புத்தாளால் தேய்த்தால் புது மரம் போலாகிவிடும். சட்டமே உளுத்துப் போயிருந்தால் எந்த ஆப்பும் நில்லாது. அப்போது தச்சரை அழைத்து அப்பகுதியை வெட்டிப் புது மரத்துண்டு பொருத்துவதே வழி.

புதிய உறுப்பை அதன் இடத்தில் வைத்து எழுதுகோலால் துளைகளைக் குறியுங்கள். ஆணியைவிட மெல்லிய வழித்துளை ஒன்று இட்டபின்பே முடுக்க வேண்டும். ஆணியின் புரிகளில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொண்டால் இலகுவாக இறங்கும். பித்தளை ஆணி மென்மையானது. கடின மரத்தில் நேராக முடுக்கினால் தலை திருகி ஒடிந்துவிடும். ஆகவே அதே அளவுள்ள இரும்பு ஆணியை முதலில் முடுக்கிப் புரிவழி உண்டாக்கி, அதை எடுத்துவிட்டுப் பித்தளை ஆணியை இறக்குவது தேர்ந்த தச்சர்களின் வழக்கம். எல்லா ஆணிகளையும் முதலில் பாதியளவு முடுக்கி, உறுப்பு நேராக நிற்பதை உறுதிசெய்தபின் ஒவ்வொன்றாக இறுக்குங்கள்.

தாழ்ப்பாளாயின் கதவை முழுவதும் மூடி வைத்துக்கொண்டே கம்பி நுழையும் துளையைக் குறிக்க வேண்டும். கீழ்த்தாழின் துளை பல வீடுகளில் மண்ணும் பூச்சிக்கூடும் நிறைந்து தூர்ந்திருக்கும். அதைக் கம்பியால் குடைந்து தூய்மை செய்யாமல் புதிய தாழைக் குறை கூறுவதில் பயனில்லை. கம்பி அரை அங்குலமேனும் துளைக்குள் இறங்கினாலன்றிப் புயற்காற்றுக்கு அது தாங்காது.

கொக்கியை மறந்துவிடாதீர்கள். திறந்த கதவை நிறுத்தும் கொக்கி இல்லாமையால்தான் பல சாளரங்கள் அடித்துக்கொண்டு கண்ணாடி உடைகின்றன. அந்த அச்சத்தாலேயே பல சாளரங்கள் மூடியே கிடக்கின்றன. கைப்பிடியை மாற்றும் அன்றே கொக்கியையும் மாட்டிவிட்டால் வேலை நிறைவுறும்.

மற்ற வகைகள்

இரும்புச் சட்டச் சாளரத்தில் கைப்பிடியின் மூக்கு போன்ற நுனி, நிலைச்சட்டத்தில் உள்ள தகட்டின்மேல் ஏறிக் கதவை இறுக்குகிறது. நாளடைவில் மூக்கோ தகடோ தேய்ந்துவிட, கதவு மூடியும் மூடாததாக ஆடும். தகடு மட்டும் தேய்ந்திருந்தால் அதன் அடியில் மெல்லிய உலோகத் துண்டொன்றை வைத்து உயர்த்தினாலே போதும். புதிய கைப்பிடி வாங்கும்போது சட்டத்திலிருந்து மூக்கு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை அளந்து செல்ல வேண்டும். கைப்பிடி தறையப்பட்டிருந்தால் பட்டறைக்காரரின் உதவி தேவைப்படும். திருகாணியில் நின்றால் நாமே மாற்றலாம். பழையதை எடுத்த இடத்தில் துருவைத் தேய்த்து நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு பூசியபின் புதியதைப் பொருத்துங்கள்.

அலுமினியத் தள்ளு சாளரத்தில் கைப்பிடி உடைவதற்குப் பெரும்பாலும் காரணம் கைப்பிடியன்று; அடியில் உள்ள உருளைச் சக்கரங்கள். அவை தேய்ந்தாலும், ஓடுபாதையில் மணல் நிறைந்தாலும் கதவு நகராது. நாம் கைப்பிடியை இழுத்து ஒடிக்கிறோம். பழைய பல்துலக்கியால் ஓடுபாதையைத் துலக்கி, நீர் வடியும் துளைகளைத் திறந்துவிட்டுப் பாருங்கள். சக்கரம் பழுதானால் அதையும் கைப்பிடியையும் சேர்த்தே மாற்றுங்கள்.

யு.பி.வி.சி. சாளரத்தின் கைப்பிடிக்குப் பின்னே ஒரு சதுரத் தண்டு உள்ளே சென்று, சட்டத்துள் மறைந்திருக்கும் பூட்டுப் பொறியைத் திருப்புகிறது. கைப்பிடியைத் திறக்கும் நிலையில் வைத்து, அதன் அடித்தகட்டின் மூடியைச் சற்றே தூக்கிப் பக்கவாட்டில் திருப்பினால் இரண்டு திருகாணிகள் தென்படும். அவற்றைக் கழற்றிக் கைப்பிடியை நேராக வெளியே இழுக்கலாம். பெரும்பாலானவற்றில் தண்டின் கனம் 7 மி.மீ. ஆகவும், ஆணிகளின் இடைத்தூரம் 43 மி.மீ. ஆகவும் இருக்கும், தண்டின் நீளமோ சாளரத்திற்குச் சாளரம் வேறுபடும். ஆதலால் அதை அளந்தே வாங்க வேண்டும். புதியதைப் பொருத்துமுன் ஒரு சோதனை உண்டு: பழைய தண்டை மட்டும் துளையில் வைத்துக் குறட்டால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். எளிதில் திரும்பினால் பழுது கைப்பிடியில் மட்டுமே. கதவு திறந்திருக்கும்போதே திரும்ப மறுத்தால் பழுது உள்ளிருக்கும் பொறியில். கைப்பிடியை மட்டும் மாற்றுவது வீண் செலவு. கதவு திறந்திருக்கையில் எளிதாகத் திரும்பி, மூடியபின் இறுகினால் கதவு தொய்ந்திருக்கிறது என்று பொருள்.

எவர் கைக்காக?

புதிய கைப்பிடியைத் தேர்கையில் அழகை மட்டும் பாராமல், அதை நாள்தோறும் பற்றப்போகும் கையையும் நினைக்க வேண்டும். மூட்டுவலியுள்ள முதியவர்களுக்குக் குமிழ் வடிவப் பிடி துன்பம் தரும். நான்கு விரல்களும் நுழையும் வளைந்த கைப்பிடியே அவர்களுக்கு உகந்தது. படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ இருப்பவர் எட்டும் உயரத்தில் அதை அமைத்துத் தந்தால், காற்று வேண்டும்போதெல்லாம் பிறரை அழைக்க வேண்டிய நிலை அவர்களுக்கு இராது. பிறர் கையை எதிர்பாராமல் ஒரு சாளரத்தைத் தாமே திறந்துகொள்வது, நலமுடன் நடமாடும் நமக்குப் பெரிதாகத் தோன்றாது. நாள் முழுவதும் ஒரே அறையில் கழிப்பவருக்கு அது பெரும் விடுதலை.

சிறு குழந்தைகள் உள்ள மாடி வீடுகளில், கிராதியில்லாத சாளரமாயின் கதவு முழுவதும் திறவாதபடி தடுக்கும் உறுப்பையும் பொருத்த வேண்டும். கொசுவை அஞ்சிச் சாளரத்தை மூடுவோர் வலைச்சட்டம் அமைக்கலாம். ஆனால் வலையைக் கழற்றாமலே கைப்பிடி எட்டுமாறு அமைக்கச் சொல்லுங்கள். எட்டாத கைப்பிடியும் உடைந்த கைப்பிடியும் ஒன்றே.

வாடகை வீட்டில் இருப்போர், “இது உரிமையாளர் வேலை” என்று காத்திருப்பதுண்டு. அது நியாயமே, எனினும் அவருக்குத் தெரிவித்துவிட்டு, பழைய உறுப்பைப் பத்திரப்படுத்தி, நாமே மாற்றிக்கொள்வது பல வேளைகளில் விரைவான வழி. அவர் வரும்வரை அவ்வீட்டில் மூச்சு விடுபவர்கள் நாமல்லவா?

ஆண்டுக்கொரு முறை

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன்னர், செப்டம்பரில் ஒரு விடுமுறை நாளைச் சாளரங்களுக்கென்று ஒதுக்குங்கள். பிள்ளைகளில் ஒருவர் கையில் எழுதுகோலும் தாளும், மற்றொருவர் கையில் திருப்புளியும் தந்து, அறை அறையாகச் செல்லுங்கள். ஒவ்வொரு சாளரத்தையும் முழுவதும் திறந்து, கொக்கி மாட்டி, மறுபடி மூடித் தாழிட்டுப் பாருங்கள். ஆடும் ஆணியை அங்கேயே இறுக்குங்கள். கீலிலும் தாழ்க்கம்பியிலும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டா, அது நாளடைவில் பிசினாகி அழுக்கைச் சேர்க்கும். உடைந்தவற்றைத் தாளில் குறித்து, அளவையும் எழுதி, ஒரே நடையில் வாங்கி வாருங்கள். மரம் இறுகும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்து வையுங்கள். ஆனால் மழைக்காலத்திலேயே அவற்றை இழைத்துவிடாதீர்கள். ஈரத்தில் இழைத்த கதவு, கோடையில் சுருங்கி இடைவெளி காட்டும். மழைக்காலம் கழிந்து மரம் உலர்ந்தபின், குறித்த இடத்தை மட்டும் சிறிதளவே இழைத்து, இழைத்த விளிம்புக்கு வண்ணமும் பூசிவிட்டால், அடுத்த மழையில் ஈரம் அவ்வளவாகப் புகாது.

இப்பணியில் பிள்ளைகளையும் சேர்ப்பது வீண் அன்று. உடைந்தது எதுவாயினும் அதனைச் சகித்துக்கொண்டு வாழப் பழகும் வீடு ஒன்று. உடைந்ததைக் கண்டவுடன் கருவிப்பெட்டியைத் தேடும் வீடு மற்றொன்று. எவ்வீட்டில் நம் மக்கள் வளர வேண்டும் என்பதை முடிவு செய்பவர்கள் நாமே. ஒரு கைப்பிடி, நான்கு திருகாணி, அரை மணி நேரம் ஆகிய இவ்வளவே செலவு. வரவோ, ஆண்டு முழுவதும் அறைக்குள் வந்து போகும் நற்காற்று.